'ஒத்துக்கலை' என்றால் எழுத ஒரு படிவம்

1961 டிசம்பர் 16 அன்று 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு சின்னக் கடிதம் வந்தது. எழுதியவர் சிட்னியைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் வில்லியம் மெக்பிரைட். கர்ப்ப காலத்தில் தாலிடோமைடு என்ற மருந்தைச் சாப்பிட்ட பெண்களுக்குக் கை கால் சரியாக வளராத குழந்தைகள் பிறக்கின்றன, வேறு யாராவது இப்படிப் பார்த்தீர்களா என்று கேட்டிருந்தார்.

பார்த்திருந்தார்கள். மேற்கு ஜெர்மனியில் விதுகிண்ட் லென்ஸ் என்ற குழந்தை மருத்துவர் எச்சரித்ததால் நவம்பரிலேயே அங்கே மருந்தைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் அது 1957 முதல் விற்ற மருந்து. பல நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பது கணக்கு. ஒவ்வொரு டாக்டரும் தன் ஊரில் ஒன்றிரண்டு குழந்தைகளைப் பார்த்து, விதி என்று நினைத்திருப்பார். எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்துப் பார்க்க வழியில்லை. என்னைப் பதறவைப்பது அதுதான்.

மெக்பிரைட்டின் கேள்வியை நிரந்தரமாகக் கேட்டுக்கொண்டிருக்க 1964இல் பிரிட்டன் ஒரு மஞ்சள் அட்டையை அச்சடித்து டாக்டர்களுக்கு அனுப்பியது. மருந்துப் பக்கவிளைவுப் படிவம் அப்படித்தான் பிறந்தது.

இந்தியாவில் அது வேர் பிடிக்க நாளாயிற்று. 2004இல் தொடங்கிய திட்டம் சில ஆண்டுகளில் ஓய்ந்தது. 2010 ஜூலையில் டெல்லி எய்ம்ஸில் மறுபடி தொடங்கி, 2011 முதல் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் நடத்துகிறது. டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர் மட்டுமல்ல, நோயாளியும் எழுதலாம். அவர்களுக்கென்று தனிப் படிவம், தமிழிலும் உண்டு. முழுப்பெயர் வேண்டாம், முதலெழுத்து போதும். தடுப்பூசிக்கும் எழுதலாம். நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகம் இருந்தாலே போதும்.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் இந்தப் படிவத்துக்கு முதல் தடை கத்தரிக்கோல். மெடிக்கலில் "நாலு மாத்திரை குடுங்கண்ணே" என்றால் அட்டையை வெட்டி, காகித உறையில் போட்டு, மேலே காலை, இரவு என்று எழுதித் தருகிறார்கள். மருந்தின் பெயர் பாதியில் அறுந்திருக்கும். படிவம் கேட்கும் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் மீதி அட்டையோடு கடையிலேயே நின்றுவிடும். உடம்பு தடித்தால் "அந்த மாத்திரை ஒத்துக்கலை" என்று பக்கத்து வீட்டில் சொல்வதோடு சரி. எந்த மாத்திரை என்று அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியில் கேட்டால், "வெள்ளையா, நீளமா இருந்துச்சு டாக்டர்" என்பதைத் தவிர மாத்திரை போட்ட அம்மாவால் என்ன சொல்ல முடியும்? கடையில் பில் கேட்டு வாங்குவதும், உறையில் மருந்தின் பெயரையும் பேட்ச் எண்ணையும் எழுதித் தரச் சொல்வதும் நம் உரிமை.

எழுதினால் பலன் உண்டா? மாதவிடாய் வலிக்கு நம் பெண்கள் பலர் போடும் மெஃப்டால் மாத்திரையில் இருப்பது மெஃபெனமிக் அமிலம். நாடெங்குமிருந்து வந்த படிவங்களை ஆராய்ந்துதான் 2023 நவம்பர் 30 அன்று ஆணையம் அதைப்பற்றி எச்சரித்தது: காய்ச்சல், தோல் தடிப்பு, நெறிகட்டு, கல்லீரல் போன்ற உறுப்புகளில் பாதிப்பு என்று ஒரு தீவிர ஒவ்வாமை வரலாம். அரிதுதான். ஆனால் மருந்தைத் தொடங்கி இரண்டு முதல் எட்டு வாரம் கழித்துக்கூட வரும். எப்போதோ போட்ட மாத்திரையை எந்த வீட்டில் நினைவு வைத்திருப்பார்கள்?

படிவம் கைக்கு எட்டாவிட்டால் 1800-180-3024 என்ற இலவச எண்ணுக்கு வேலை நாட்களில் அழைத்துச் சொல்லலாம்.