குத்தூசியும் தீட்டுக்கல்லும்: தோல் தொழிலாளியின் காயம் பற்றி ஒரு வரலாற்று நோக்கு

தோல் தொழிலில் பழகிய கைகளில் தழும்பைக் காணாதிருப்பது அரிது. தோலை அறுக்கும்போது படும் வெட்டு ஒருவகை. கருவியைத் தீட்டும்போது படும் வெட்டு மற்றொரு வகை. செருப்பு தைப்போரும் நூல் கட்டுவோரும் நெடுங்காலமாகக் கையாண்டு வரும் பிறைவடிவக் கத்திக்கு இரு முனைகள் உண்டு. ஒரு முனையைக் கல்லில் இழைக்கும்போது மறுமுனை தீட்டுபவரின் உள்ளங்கையை நோக்கியே நிற்கும். அலகைக் கல்லோடு ஒட்டி அழுத்த விரல்நுனிகள் கூர்விளிம்பின் அருகே இருந்தாக வேண்டும். நனைந்த கல்லில் கத்தி சற்றே வழுக்கினாலும், தீட்டி முடித்தபின் கூர் பார்க்கக் கட்டைவிரலைச் சற்று அழுத்தி வைத்தாலும் இரத்தம் கசியும்.

இத்தகைய காயத்துக்கு எதிரி இல்லை, சாட்சியும் இல்லை. கத்தியும் கையும் ஒருவருடையவையே. ஆகவே “அவரவர் கவனக்குறைவு” என்னும் இரண்டு சொற்களில் இதை முடித்துவிடுவது உலக வழக்கமாகிவிட்டது. ஆனால் நம் முன்னோரான சட்ட அறிஞர்கள் இந்த இடத்தில் அவ்வளவு எளிதாகக் கடந்து போய்விடவில்லை. காயம்பட்ட உழைப்பாளியின் கையை முன்வைத்து அவர்கள் எழுப்பிய வினாக்களை நினைவுகூர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தாயிஃபில் ஒரு வழக்கு

இஸ்லாமிய நீதி வரலாற்றின் தொடக்ககாலப் பதிவுகளுள் ஒன்று, குத்தூசி துளைத்த ஓர் உள்ளங்கையைப் பற்றியது. இரண்டு பெண்கள் ஓர் அறையில் அமர்ந்து தோல் தைத்துக்கொண்டிருந்தனர். அவர்களுள் ஒருத்தி, தோலில் துளையிடும் குத்தூசி உள்ளங்கையில் பாய்ந்த நிலையில் வெளியே வந்தாள். தன்னுடன் இருந்தவளே குத்தினாள் என்பது அவளுடைய முறையீடு. இச்செய்தியை அறிவிப்பவர் இப்னு அபீ முலைக்கா. ஸஹீஹுல் புகாரியில் இது திருக்குர்ஆன் விரிவுரைப் பகுதியில் இடம்பெற்றுள்ளது. இமாம் நஸாயீயின் தொகுப்பிலுள்ள அறிவிப்பு, நிகழ்ச்சி தாயிஃபில் நடந்தது என்றும், மற்றவள் குற்றத்தை மறுத்தாள் என்றும், இப்னு அபீ முலைக்கா இதுகுறித்து இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களுக்குக் கடிதம் எழுதினார் என்றும் கூறுகிறது. தோல் பதனிடுதலுக்குப் பெயர்பெற்றிருந்த நகரம் தாயிஃப் என்பது இங்கே நினைக்கத்தக்கது.

இப்னு அப்பாஸ் (ரலி) அளித்த விடை, பின்னாளில் நீதி நடைமுறைக்கே அடித்தளமாயிற்று. வெறும் முறையீட்டை வைத்தே மக்களுக்கு வழங்கிவிடுவதானால் உயிர்களும் உடைமைகளும் பாதுகாப்பற்றுப் போகும்; ஆகவே குற்றம் சாட்டப்பட்டவர் மீது சத்தியம் செய்யும் பொறுப்பு உண்டு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தீர்ப்பை அவர் எடுத்துக்காட்டினார். சத்தியங்களை அற்ப விலைக்கு விற்போரை எச்சரிக்கும் ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 77ஆம் வசனத்தை அவளுக்கு ஓதிக்காட்டுமாறும் பணித்தார். அவ்வாறே ஓதிக்காட்டப்பட்டது, அவள் உண்மையை ஒப்புக்கொண்டாள்.

இந்நபிமொழியைச் சான்றுச் சட்டத்தின் மூலாதாரமாக நாம் பலமுறை படித்திருக்கிறோம். அதன் நடுவே இரத்தம் வடியும் ஒரு தொழிலாளியின் கை இருப்பதை அவ்வளவாகக் கவனித்ததில்லை. தோல் தைக்கும் தொழிலில் ஊசி குத்துவது இயல்புதானே என்று கூறி அவளைத் திருப்பி அனுப்பிவிட முடிந்திருக்கும். அவ்வாறு நடக்கவில்லை. அது விபத்தா, வேண்டுமென்றே செய்ததா என்பது விசாரணைக்குரிய வினாவாக ஏற்கப்பட்டது. காயத்தின் காரணத்தைக் கேட்டறிவதே காயம்பட்டவருக்குச் செய்யும் முதல் மரியாதை.

தோல் வேலையை இழிவாகக் கருதாத ஒரு சமூகத்தில்தான் இது இயலும். நபியவர்கள் தம் காலணியைத் தாமே தைத்துக்கொண்டதாக ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். ஹிஜ்ரி 20இல் மறைந்த அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) தோல் பதனிட்டும் தைத்தும் ஈட்டியதைத் தருமம் செய்தார்கள். ஹிஜ்ரி 261இல் பக்தாதில் மறைந்த ஹனஃபி அறிஞர் அபூபக்ர் அல்கஸ்ஸாஃபின் பெயரே ‘காலணி தைப்பவர்’ என்று பொருள்படும். அத்தொழிலின் வருவாயில் அவர் உண்டு வந்தார் என வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். நீதிபதி கடைப்பிடிக்க வேண்டிய முறைகளைப் பற்றிய புகழ்பெற்ற நூலை இயற்றியவரும் அவரே.

விரலின் மதிப்பு

காயம் பெரிதாகி விரலே போய்விட்டால் அதன் ஈடு என்ன? இமாம் ஷாஃபிஈ (மறைவு ஹிஜ்ரி 204) தம் ‘அர்ரிஸாலா’ நூலில் இதுபற்றி ஒரு செய்தியைப் பதிவு செய்கிறார். ஒரு கைக்கு ஐம்பது ஒட்டகங்கள் என்பது அறியப்பட்ட அளவு. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அதை ஐந்து விரல்களுக்கும் பகிரும்போது கட்டைவிரலுக்கு 15, சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் பத்துப் பத்து, மோதிரவிரலுக்கு 9, சிறுவிரலுக்கு 6 எனத் தீர்ப்பளித்தார்கள். விரல்கள் அழகாலும் பயனாலும் வேறுபடுவதே இப்பகிர்வின் அடிப்படை என்று ஷாஃபிஈ விளக்குகிறார்.

பின்னர் அம்ர் இப்னு ஹஸ்ம் (ரலி) குடும்பத்தாரிடமிருந்த நபியவர்களின் மடல் கிடைத்தது. அதில் ஒவ்வொரு விரலுக்கும் பத்து ஒட்டகங்கள் என்றிருந்தது. கட்டைவிரலும் சிறுவிரலும் சமம் என்னும் கருத்துடைய நபிமொழியை இப்னு அப்பாஸ் (ரலி) வழியாகப் புகாரியும் பதிவு செய்துள்ளார். மடலின் உண்மை உறுதியானதும் அறிஞர்கள் அதையே பின்பற்றினர். உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பாயினும் நபிமொழி கிடைத்தபின் அதுவே முற்படும் என்பதற்கு ஷாஃபிஈ இதைச் சான்றாக்குகிறார்.

பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேல் கடந்து, 1923ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் இந்தியாவில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. காலப்போக்கில் திருத்தம் பெற்ற அதன் அட்டவணையில், வருவாய் ஈட்டும் திறனின் இழப்பு கட்டைவிரலுக்கு 30 விழுக்காடு, முழுச் சுட்டுவிரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிரவிரலுக்கோ சிறுவிரலுக்கோ 7 என வகுக்கப்பட்டிருந்தது. உமர் (ரலி) அவர்கள் முதலில் வகுத்த ஏணியின் சாயலை இதில் காண்கிறோம். பயனை அளவுகோலாகக் கொள்பவர் எந்தக் காலத்தவராயினும் கட்டைவிரலுக்கே முதலிடம் தருவர். விரல்களைச் சமமாக்கிய மடலோ வேறோர் அளவுகோலை வைக்கிறது. அந்த விரல் எவ்வளவு உழைத்துத் தரும் என்பதை அது கேட்பதில்லை; ஒரு மனிதனின் விரல் என்பதே அதற்குப் போதுமானது. தோலை இழுத்துப் பிடிக்கச் சிறுவிரலின் துணையை நாடும் தொழிலாளிக்கு இச்சமத்துவத்தின் பொருள் எளிதில் விளங்கும்.

தன் கத்தி தன் கையில்

இனி, தீட்டுக்கல்லுக்கே வருவோம். மேற்கண்ட ஈடுகள் யாவும் மற்றொருவர் காயப்படுத்தினால் அவரிடமிருந்தோ அவருடைய குடும்பத்தாரிடமிருந்தோ பெறப்படுபவை. தன் கத்தியால் தானே காயம்பட்டவன் யாரிடம் கேட்பான்?

ஹிஜ்ரி 7இல் கைபர் போரில் ஆமிர் இப்னுல் அக்வஃ (ரலி) எதிரியை நோக்கி வீசிய வாள் திரும்பி அவருடைய முழங்காலிலேயே பட்டது. அக்காயத்தால் அவர் இறந்தார். தம் கருவியால் தாமே மாண்டதால் அவருடைய நற்செயல்கள் வீணாயின என்று சிலர் பேசினர். ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) துயரத்துடன் இதை நபியவர்களிடம் கூறியபோது, அப்பேச்சு தவறென்றும் ஆமிருக்கு இரட்டிப்பு நற்கூலி உண்டென்றும் அண்ணலார் தெளிவுபடுத்தினார்கள். தற்செயலாகத் தன்னைக் காயப்படுத்திக்கொண்டவன் மீது பழி இல்லை என்பது இவ்வாறு முடிவாயிற்று.

பழி இல்லை, ஈடு உண்டா? ஹன்பலி அறிஞர் இப்னு குதாமா (மறைவு ஹிஜ்ரி 620) தம் ‘அல்முக்னீ’ நூலில் இவ்வினாவின் இரு பக்கங்களையும் எடுத்துரைக்கிறார். ஈடு இல்லை என்பது இமாம்கள் மாலிக், ஷாஃபிஈ, ஹனஃபி அறிஞர்கள் உள்ளிட்ட பெரும்பாலோர் கருத்து. ஆமிருக்காக நபியவர்கள் எவரிடமும் ஈடு பெறவில்லை என்பது அவர்களுடைய சான்று. ஈடு உண்டு என்பது அவ்ஸாயீ, இஸ்ஹாக் இப்னு ராஹவைஹி ஆகியோர் கருத்து. இமாம் அஹ்மதிடமிருந்தும் இவ்வாறு ஓர் அறிவிப்பு உள்ளது. இவர்களுடைய சான்று உமர் (ரலி) காலத்து நிகழ்ச்சி ஒன்று. கழுதையை ஓட்டிச் சென்ற ஒருவர் தம் கோலால் அதை அடித்தபோது சிராய் தெறித்து அவருடைய கண்ணையே பறித்தது. உமர் (ரலி) அவர்கள் அக்கண்ணுக்குரிய ஈட்டை அவருடைய ‘ஆகிலா’, அதாவது தவறுதலாக நேரும் கேடுகளுக்குக் கூட்டாகப் பொறுப்பேற்கும் உறவினர் குழு, செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தார்கள். இது முஸ்லிம்களின் கைகளுள் ஒரு கை என்றும், எவர் மீதும் அத்துமீறலால் நேர்ந்ததன்று என்றும் காரணம் கூறியதாக அறிவிப்பு உள்ளது.

கழுதை ஓட்டியவர் வேலையில் இருந்தவர், கருவி அவருடையது, காயமும் அவருடையது. தீட்டுக்கல்லின் முன் அமர்ந்தவரின் நிலையும் இதுவே. அவருடைய இழப்பைக் குழு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்னும் எண்ணம், ஐரோப்பாவில் தொழிலாளர் காப்பீடு தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம் மரபில் பேசப்பட்டிருக்கிறது.

ஆயினும் உண்மையை மிகைப்படுத்தலாகாது. ஈடு உண்டு என்போரும், காயத்தின் ஈடு முழு உயிரீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டால்தான் ஆகிலா செலுத்த வேண்டும் என்று எல்லை வகுத்தனர். முழு ஈடு நூறு ஒட்டகங்கள். கண்ணுக்கு ஐம்பது, அது எல்லையைத் தாண்டுகிறது. ஒரு விரலுக்குப் பத்தே, அது தாண்டுவதில்லை. அன்றாடம் பட்டறையில் நேரும் சிறு வெட்டு, இரு கருத்துகளின்படியும் தொழிலாளியின் தலையிலேயே விழுகிறது. பெருங்காயத்தைக் காணும் சட்டத்தின் கண் சிறுகாயத்தின் மீது படுவதில்லை. இது எல்லா நாட்டுச் சட்டங்களுக்கும் பொதுவான குறையே.

கூர்மையின் ஒழுக்கம்

சட்டம் எட்டாத அந்த இடத்தை நிரப்ப வேண்டியது ஒழுக்கம். அம்புகளுடன் பள்ளிவாசலிலோ சந்தையிலோ செல்பவர் அவற்றின் முனைகளைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்றும், உறையிலிருந்து உருவிய வாளைக் கைமாற்றக்கூடாது என்றும் நபிமொழிகள் அறிவுறுத்துகின்றன. கூரான பொருளை வைத்திருப்பவனே பிறர் உடலுக்குப் பொறுப்பு என்பது இவற்றின் சாரம். விலங்கை அறுப்பவர் தம் கத்தியை நன்கு தீட்டிக்கொள்ள வேண்டும் என்ற கட்டளையையும் நாம் அறிவோம். அந்நபிமொழியில் கத்திக்கு வரும் ‘ஷஃப்ரா’ என்னும் சொல்லையே செருப்பு தைப்பவரின் கத்திக்கும் அரபு அகராதியாளர் வழங்குகின்றனர்.

தீட்டுவது நேர வீண் அன்று, தொழிலின் ஓர் உறுப்பே என்பதைப் பழைய கைவினை நூல்களும் உணர்த்துகின்றன. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவை ஆண்ட அல்முயிஸ் இப்னு பாதீஸின் பெயரால் வழங்கும் எழுத்துக்கலை நூல், தோலால் நூல் கட்டும் முறையை விரிக்கும்போது பளிங்குப் பலகை, கத்தி, குத்தூசி, கத்தரி, அழுத்துபலகை ஆகியவற்றுடன் தீட்டுக்கல்லையும் கருவியாகவே எண்ணுகிறது. மழுங்கிய கத்திக்கு மிகுந்த பலம் தேவை. பலம் கொடுத்த கத்தி வழுக்கினால் காயம் ஆழமாகும். ஆகவே தீட்டாமலிருப்பது தீர்வன்று. நல்ல வெளிச்சம், அசையாத கல், அவசரமில்லாத நேரம் ஆகிய மூன்றும் தேவை. மூன்றாவதைத் தருவது வேலை கொடுப்பவரின் கையில் இருக்கிறது.

நம் ஊர்களின் கணக்கு

தமிழகத்தில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் தொழிலை வளர்த்ததில் முஸ்லிம் வணிகர்களின் பங்கு பெரிது. அச்செல்வத்திலிருந்து கல்விக்கூடங்களும் மருத்துவமனைகளும் எழுந்தன; அது பெருமைக்குரியதே. அத்தோலைச் செதுக்கியவர்களும் தைத்தவர்களும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சமூகத்தினரும் ஏழை முஸ்லிம்களுமே. இன்றும் ஆம்பூர் வட்டாரத்தில் காலணியின் மேற்பாகத்தைத் துண்டுக் கணக்கில் வீட்டிலிருந்தே தைத்துத் தரும் பெண்கள் பலர் உள்ளனர். சம்பளப் பட்டியலில் பெயரில்லாத அவர்களின் கையில் ஊசி பாய்ந்தால், 1923ஆம் ஆண்டுச் சட்டமோ அதை உள்ளடக்கிய 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்போ அவர்களை எளிதில் எட்டுவதில்லை. காயம்பட்ட நாளின் கூலி இழப்பும் மருந்துச் செலவும் அவர்களுடையவையே.

தாயிஃபின் அறையில் தோல் தைத்த பெண்ணின் பெயர் நமக்குத் தெரியாது. ஆயினும் அவளுடைய உள்ளங்கையில் பாய்ந்த குத்தூசியை நம் நூல்கள் நினைவில் வைத்திருக்கின்றன. ஏனெனில் ஒரு நீதிபதி அதைக் கேட்கத்தக்க செய்தியாக மதித்தார். நம் ஊர்ப் பட்டறைகளில் இன்று யாருடைய கை வெட்டுப்பட்டது, அந்த நாளின் கூலி அவருக்குக் கிடைத்ததா என்று கேட்டு எழுதிவைக்கும் ஓர் ஏட்டையேனும் நாம் தொடங்கினால், அந்த மரபுக்கு நாம் உரியவர்களாவோம்.