துய்ப்ளேயின் கணக்கும் எம்.பி.ஏ. வகுப்பின் முதல் பாடமும்

எம்.பி.ஏ. படிக்க வர்றவங்கள்ல பலர் பொறியியல் முடிச்சவங்க. பற்று, வரவு, பேரேடு எல்லாம் அவங்களுக்குப் புதுசு. கணக்கியல் வகுப்பின் தொடக்கத்திலேயே ஒரு விதி வரும்: தொழில் வேறு, முதலாளி வேறு. முதலாளி போட்ட பணம், தொழில் அவருக்குத் தரவேண்டிய பாக்கி. அவர் சொந்தச் செலவுக்கு எடுத்தால் அது 'எடுப்பு'. மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள், தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவார்கள்.

புதுச்சேரியில் இந்தப் பாடத்தை நடத்துகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. இதற்கான உதாரணம் கடற்கரைச் சாலையில் சிலையாகவே நிற்கிறது.

சரி, கொஞ்சம் பின்னாடி போவோம். வணிகர்கள் கணக்குப் புத்தகம் வைத்தே ஆகவேண்டும் என்று பதினான்காம் லூயி மன்னரின் சட்டம் சொன்னது 1673-இல். ஷேர்கான் லோடியிடமிருந்து பிரெஞ்சுக்காரர்களுக்குப் புதுச்சேரியில் இடம் கிடைத்ததும் அதே ஆண்டில்தான். ஆனால் இங்கே நடைமுறை வேறு. கம்பெனி அதிகாரிகள் கம்பெனி வேலையோடு சொந்த வியாபாரமும் செய்தார்கள். துய்ப்ளே சந்திரநாகூரில் இருந்தபோது அப்படித்தான் பெரும் பணம் சேர்த்தார். 1742-இல் புதுச்சேரி கவர்னர் ஆனார்.

1749-இல் இரண்டாம் கர்நாடகப் போர் மூண்டது. பாரிஸில் இருந்த இயக்குநர்களுக்கு வேண்டியது வியாபார லாபம், போர் அல்ல. படைக்குச் சம்பளம் கொடுக்க துய்ப்ளே நிலவரியை நம்பினார். அது போதாதபோது சொந்தப் பணத்தைப் போட்டார், தன் பொறுப்பில் கடனும் திரட்டினார். 1754-இல் அவரைத் திருப்பி அழைத்துவிட்டார்கள். ஊர் திரும்பிப் பணத்தைக் கேட்டபோது கம்பெனி கைவிரித்தது. வழக்கு இழுத்தது. 1763-இல் வறுமையில் இறந்தார்.

இப்போ வகுப்புக்கு வருவோம். கம்பெனியின் இருப்புநிலைக் குறிப்பில் துய்ப்ளே கடனீந்தவரா? செலவு நடந்தது உண்மை. பலன் கம்பெனிக்கா அவருக்கா? ஒப்புதல் கொடுத்தது யார்? பாதி வகுப்பு கம்பெனிப் பக்கம், பாதி துய்ப்ளே பக்கம் நின்று வாதாடினால், அந்த விதி எதற்காக இருக்கிறது என்று தானாகவே புரிந்துவிடும்.

சாட்சிக்கும் இதே ஊரில் ஆள் உண்டு. 1736 முதல் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1747-இல் துய்ப்ளேயின் தலைமை துபாஷ் ஆனவர். கப்பல் வரவு, துணி ஒப்பந்தம், யார் யாருக்கு எவ்வளவு பாக்கி, யார் கையூட்டு கேட்டார் என எல்லாவற்றையும் எழுதிவைத்தார். என்ன நடந்தது, யார் முன்னால் பேசப்பட்டது என்பதை அதில் தேடலாம். ஆனால் எவ்வளவு நுணுக்கமான குறிப்பாக இருந்தாலும், மேலிடத்தின் ஒப்புதலுக்கு அது ஈடாகாது. நினைவுக்கு எழுதுவது ஒன்று, பொறுப்பு காட்டுவதற்கு எழுதுவது வேறொன்று. இந்த வித்தியாசத்தை எந்தச் சூத்திரமும் சொல்லித் தராது.

இது பழங்கதை மட்டுமல்ல. கடைக்கும் வீட்டுக்கும் ஒரே வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்கள் இன்றைக்கும் நிறைய. நல்லா ஓடுறவரைக்கும் பிரச்சினை தெரியாது. அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும் நாளில், 'நான் போட்ட பணம் எங்கே?' என்ற கேள்வி வரும். அன்றைக்குச் சீட்டும் கையெழுத்தும்தான் பேசும்.