நாய்க்குக் கதவு திறந்த கதை

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. பெரிய கடை ஒன்றில் காய்கறி பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு அம்மணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். வண்டியில் குழந்தைகள் உட்கார ஒரு மடக்கு இருக்கை இருக்கும் இல்லையா, அதில் ஒரு குட்டி நாய். உடம்பில் ஸ்வெட்டர், கழுத்தில் ரிப்பன். தக்காளி வாங்கலாமா வேண்டாமா என்று அந்தம்மா அதனிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தார். அதுவும் எல்லாத்துக்கும் தலையாட்டியது. வீட்டில் நான் பண்றது மாதிரியே :-)

"நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும்" என்று நம்ம ஊரில் ஒரு பழமொழி ஆரம்பிப்பார்கள். இங்கே அமெரிக்காவில் நடுவீடு எல்லாம் பழைய கதை. நடுக்கடை, நடு ஓட்டல், நடு விமானம் என்று போயாச்சு.

கிண்டல் பண்ண எனக்குப் பெரிய அருகதை கிடையாது. எங்கள் வீட்டிலும் லட்டு என்று ஒருத்தன் இருக்கிறான். மூணு வருஷமாச்சு. அவனை வீட்டில் தனியாக விட்டுவிட்டுக் கிளம்பினால் மகள் முகம் தொங்கிப்போகும். இதை ஒரு நண்பரிடம் புலம்பியபோது அவர் சாதாரணமாகச் சொன்னார். "இதுக்கா பாஸ் கவலைப்படறீங்க? நெட்ல 'சர்வீஸ் டாக்'னு போட்ட வெஸ்ட் கிடைக்குது. வாங்கி மாட்டி விட்டுடுங்க. எந்தக் கடைலயும் எவனும் பேப்பர் கேக்க மாட்டான். கேக்கவும் கூடாது, சட்டம்!"

அன்று ராத்திரியே தேடினேன். நிஜமாகவே கிடைக்கிறது. கூடையில் போட்டும் விட்டேன். காசு கட்டுவதற்கு முன்னால் ஒரு சின்ன சந்தேகம். எவனும் கேட்கக் கூடாது என்று எதுக்காக ஒரு சட்டம்? யாருக்காகப் போட்டது? அதைத் தேடப் போய், நூறு வருஷத்துக்குப் பின்னால் போய் நின்றேன்.

முதல் உலகப்போர். விஷவாயுவும் குண்டுமாகப் பார்வை போன சிப்பாய்கள் ஜெர்மனிக்குக் கூட்டம் கூட்டமாகத் திரும்பினார்கள். அவர்களுக்கு வழி காட்ட நாய்களைப் பழக்கலாம் என்று 1916-ல் ஓல்டன்பர்க் நகரத்தில் கெர்ஹார்ட் ஸ்டாலிங் என்ற மருத்துவர் ஒரு பள்ளி தொடங்கினார். பின்னால் போட்ஸ்டாமில் இன்னொரு பெரிய பள்ளி வந்தது.

டோரதி ஹாரிசன் யூஸ்டிஸ் என்று ஒரு அமெரிக்கப் பெண்மணி அப்போது சுவிட்சர்லாந்து மலையில் ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களை வளர்த்துக்கொண்டிருந்தார். போட்ஸ்டாம் பள்ளியைப் போய்ப் பார்த்துவிட்டு அசந்துபோய், 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். வந்தது 1927 நவம்பர் 5-ஆம் தேதி இதழில்.

டென்னசி மாநிலம் நாஷ்வில்லில் ஒரு அப்பா அந்தக் கட்டுரையைத் தன் மகனுக்குப் படித்துக் காட்டினார். மகன் பெயர் மோரிஸ் ஃபிராங்க், வயசு 19. ஆறு வயசில் ஒரு விபத்தில் ஒரு கண் போனது. பதினாறு வயசில் குத்துச்சண்டை போடும்போது இன்னொன்றும் போனது. அம்மாவுக்கும் பார்வை கிடையாது. பையன் கல்லூரியில் படித்துக்கொண்டே இன்ஷூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்தான். ஆனால் வெளியே போக ஒவ்வொரு முறையும் கூலிக்கு ஒரு ஆள் பிடிக்கணும். ஆள் வரவில்லை என்றால் அன்றைக்கு வெளி உலகம் கிடையாது. இப்போது நாம் பார்க்கிற நீளமான கைத்தடியை வீசித் தரையைத் தடவி நடக்கிற முறைகூட 1940-களில்தான் வந்தது.

யூஸ்டிஸுக்கு ஃபிராங்க் கடிதம் போட்டார். எனக்கு ஒரு நாயைக் கொடுங்கள், மற்றவர்களுக்கும் இங்கே நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்று. 1928-ல் கப்பல் ஏறினார்.

எனக்கு மனசில் தைத்த இடம் இந்தப் பயணம்தான். பார்வையற்ற இளைஞன் தனியாகக் கடல் தாண்டிப் போவதை யாராலும் கற்பனை பண்ண முடியவில்லை போல. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கம்பெனி மூலம் ஒரு பார்சல் மாதிரிதான் அவரை அனுப்பிவைத்தார்கள். கப்பலில் வேண்டியபோது வெளியே கூட்டிப்போய், மற்ற நேரம் அறையில் வைத்துப் பூட்டிவிடுவார்களாம். பின்னாளில் அவரே இதை எழுதியிருக்கிறார். அதாவது நாயை மனுஷனாக நடத்துவது இருக்கட்டும், மனுஷனைச் சாமானாக நடத்திக்கொண்டிருந்த காலம் அது.

சுவிட்சர்லாந்தில் அவருக்குக் கிடைத்தது ஒரு பெண் நாய். பெயர் 'கிஸ்'. நடுரோட்டில் நின்று ஒரு வாலிபப் பையன் "கிஸ், கிஸ்" என்று கூப்பிட்டால் என்னாகும்? வெட்கப்பட்டுக்கொண்டு உடனே 'பட்டி' என்று மாற்றிவிட்டார். கூட்டாளி என்று அர்த்தம். (மலையாள நண்பர்கள் சிரிக்க வேண்டாம்!)

ஜாக் ஹம்ஃப்ரி என்ற பயிற்சியாளரிடம் சில வாரப் பயிற்சி. இதில் பலர் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிற ஒரு விஷயம் உண்டு, நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நாய்க்கு வழி தெரியும், அது ஆளை இழுத்துக்கொண்டு போகும் என்று. அப்படி இல்லை. வழி தெரியவேண்டியது ஆளுக்கு. எத்தனை தெரு தாண்டணும், எங்கே திரும்பணும் என்று அவர் கணக்கு வைத்துக் கட்டளை கொடுப்பார். நடுவில் பள்ளம், கம்பம், படி, தலையில் இடிக்கிற கிளை வந்தால் நாய் நின்று காட்டும் அல்லது சுற்றிக்கொண்டு போகும். சிக்னலின் நிறம் பார்த்துச் சொல்லாது. வண்டிச் சத்தம் கேட்டு ஆள்தான் "போ" என்று சொல்லணும். ஆனால் போனால் ஆபத்து என்று தெரிந்தால், "போ" என்றாலும் போகாது. சொன்ன பேச்சைக் கேட்காமல் இருக்கவும் பழக்குகிறார்கள்! லட்டு இந்தப் பாடத்தைப் பயிற்சியே இல்லாமல் முடித்துவிட்டான், அது வேறு கதை.

1928 ஜூன் மாதம் நியூயார்க்கில் இறங்கினார் ஃபிராங்க். பத்திரிகைக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். இந்த நாயை வைத்துக்கொண்டு வெஸ்ட் ஸ்ட்ரீட்டைத் தாண்ட முடியுமா என்று சவால். துறைமுகத்தை ஒட்டின அகலமான தெரு, லாரிகள் பேயாய்ப் பறக்கும். ஃபிராங்குக்கு அது எப்பேர்ப்பட்ட தெரு என்றே தெரியாது. சரி என்று இறங்கிவிட்டார். ஒரு கட்டத்தில் திசையே தெரியாமல்போய் முழுசாக நாயை நம்பி நடந்தார். நின்று, பின்வாங்கி, மறுபடி நகர்ந்து, அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தது பட்டி. யூஸ்டிஸுக்கு அவர் கொடுத்த தந்தியில் ஒரே ஒரு வார்த்தை: வெற்றி.

1929 ஜனவரி 29-ஆம் தேதி நாஷ்வில்லில் 'தி சீயிங் ஐ' என்ற பள்ளி பிறந்தது. பிறகு நியூஜெர்சிக்கு வந்து, இன்று வரை மோரிஸ்டவுன் பக்கத்தில் நடக்கிறது. முதல் முறை நாய் வாங்க வருகிறவர்களிடம் 150 டாலர் வாங்குகிறார்கள். 1934-லிருந்து அதே தொகை. உண்மையான செலவில் இது கால் தூசு. ஆனாலும் தர்மத்துக்கு வாங்கினோம் என்று யாரும் தலைகுனியக் கூடாது, அதற்காகத்தான்.

தெருவைத் தாண்டியாச்சு. கதவைத் தாண்டுவதுதான் பெரிய பாடாகிவிட்டது. ரயிலில் ஏறினால் நாயைச் சாமான் பெட்டியில் போடு என்பார்கள். ஓட்டலில் இடம் இல்லை என்பார்கள். வழிகாட்டி நாயைச் சாமான் பெட்டியில் போட்டுவிட்டு வா என்பதும் கண்ணைக் கழற்றி வைத்துவிட்டு வா என்பதும் ஒன்றுதானே. ஃபிராங்கும் பட்டியும் ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு கம்பெனியாக ஏறி இறங்கிப் பேசினார்கள். 1935 வாக்கில் ரயில் கம்பெனிகள் எல்லாம் ஒத்துக்கொண்டன. 1938-ல் யுனைடெட் விமான நிறுவனம் பயணிகளோடு சேர்த்து வழிகாட்டி நாயையும் உள்ளே ஏற்றச் சம்மதித்தது. அந்த வருஷமே பட்டி இறந்துபோனது. அடுத்து வந்த நாய்க்கும் ஃபிராங்க் வைத்த பெயர் பட்டிதான். 1956-க்குள் எல்லா மாநிலங்களிலும் வழிகாட்டி நாயோடு பொது இடத்தில் நுழையச் சட்டம் வந்துவிட்டது.

1990 ஜூலை 26-ஆம் தேதி ஜார்ஜ் புஷ் (அப்பா புஷ்) கையெழுத்துப் போட்டது அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம். சுருக்கமாக ஏ.டி.ஏ. பார்வைக்கு மட்டுமில்லை, காது கேளாதவருக்கு ஒலியைத் தெரிவிக்கும் நாய், வலிப்பு வந்தால் உதவும் நாய், போரிலிருந்து திரும்பி மனக்காயத்தோடு இருப்பவரைப் பிடித்து நிறுத்தும் நாய், எல்லாம் இதில் வரும். கடைக்காரர் இரண்டே கேள்விதான் கேட்கலாம். உங்கள் உடல் அல்லது மனக் குறைபாட்டுக்காகத் தேவைப்படும் நாயா இது? என்ன வேலைக்குப் பழக்கியிருக்கிறீர்கள்? அவ்வளவுதான். சான்றிதழ் கேட்கக் கூடாது. செய்து காட்டு என்று சொல்லக் கூடாது. வெஸ்ட் போட்டிருக்கணும் என்றுகூடக் கட்டாயம் கிடையாது.

நண்பர் சொன்னது சரிதான். சட்டம் கேட்க விடாது. ஆனால் ஏன் விடாது? ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு மனுஷன் தன் குறையை ஊரறியச் சொல்லி, காகிதம் காட்டித்தான் உள்ளே போகணும் என்றால் அது எவ்வளவு பெரிய அவமானம். அதைத் தவிர்க்க, அவர் வார்த்தையை நம்புகிறேன் என்று சட்டம் சொன்னது. அந்த நம்பிக்கையைத்தான் நெட்டில் வெஸ்ட் போட்டு விற்கிறார்கள்.

இதே சட்டத்தின் விளக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. உண்மையான சேவை நாயைக்கூட ஓட்டல் நாற்காலியில் உட்காரவைக்கவோ, மேஜையில் வைத்து ஊட்டவோ கடைக்காரர் அனுமதிக்க வேண்டியதில்லை. பொதுவாகக் கடை வண்டியிலும் ஏற்றக் கூடாது, தரையில் நிற்கணும் அல்லது கையில் தூக்கிக்கொள்ளணும். அந்த அம்மணியின் தக்காளி ஆலோசகர் ஞாபகம் வருகிறதா?

விமானத்தில் கதை இன்னும் முற்றிப்போனது. 2003-ல் 'மன ஆறுதல் தரும் பிராணி'களையும் ஏற்றலாம் என்று வழிகாட்டுதல் வந்தது. மனநோயால் நிஜமாகவே கஷ்டப்படுகிறவர்களுக்காக வந்ததுதான். ஆனால் நெட்டில் காசு கொடுத்தால் கடிதம் என்றாகிவிட்டது. விமான நிறுவனங்களின் சங்கக் கணக்குப்படி 2017-ல் மட்டும் ஏறியவை 7,51,000. 2018 ஜனவரியில் நுவர்க் விமான நிலையத்துக்கு ஒருத்தர் மயிலோடு வந்து நின்றார்! முருகன்கூட வெளியே பறந்துதான் வந்திருப்பார். 2020 டிசம்பரில் அரசு விதியை மாற்றியது. 2021 ஜனவரியிலிருந்து விமானத்தில் பயிற்சி பெற்ற சேவை நாய் மட்டும்தான் கட்டாயம். கலிபோர்னியா மாதிரி பல மாநிலங்களில் பொய்யாகச் சேவை நாய் என்று சொல்வதே குற்றம். அங்கே 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாசம் வரை சிறை.

செல்ல நாய்க்கு இடமே இல்லை என்று சொல்ல வரவில்லை. அதற்கும் நேர்வழி இருக்கிறது. கலிபோர்னியாவில் 2015-லிருந்து ஓட்டலின் வெளித் திண்ணையில், கடைக்காரர் சம்மதித்தால், நாயோடு உட்காரலாம். நியூயார்க்கிலும் அதே வருஷம் அப்படி ஒரு சட்டம் வந்தது. நாய் நாயாகவே, கயிறு கட்டி, நாற்காலியில் ஏறாமல் வரலாம். பொய் சொல்ல வேண்டாம்.

இவ்வளவும் படித்தபிறகும் அந்த வெஸ்ட் கூடையில்தான் இருந்தது. மகள் முகம் கண்முன் வந்துகொண்டே இருந்தது. நாலு நாள் கழித்து மருந்துக் கடை வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெரியவர், வழிகாட்டி நாயோடு. அது அவர் காலடியில் கல் மாதிரி படுத்திருந்தது. பின்னாலிருந்து ஒரு பையில் உட்கார்ந்திருந்த குட்டி நாய் பாய்ந்து பாய்ந்து குரைக்க ஆரம்பித்தது. அதுவும் வெஸ்ட் போட்டிருந்தது. சேவை நாய் எழுந்தது, தடுமாறியது, பெரியவர் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு "என்ன நடக்குது? யாரு?" என்று இரண்டு பக்கமும் கேட்டார். நான் பதில் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அவர் மருந்து வாங்காமலே கிளம்பிவிட்டார். ஒருமுறை இப்படி மிரண்டுவிட்டால் வேலை செய்யவே பயப்படும் நாய்களும் உண்டு என்று அப்புறம் தெரிந்துகொண்டேன்.

போன சனிக்கிழமை தங்கமணியையும் மகளையும் மோரிஸ்டவுனுக்குக் கூட்டிப்போனேன். நடு ஊர்ப் பூங்காவில் 2005-ல் வைத்த வெண்கலச் சிலை இருக்கிறது. ஃபிராங்கும் பட்டியும். பீடம் எல்லாம் கிடையாது, நம்மோடு தரையில் நிற்கிறார்கள். ஃபிராங்க் ஒரு கையை முன்னால் நீட்டிப் "போ" என்று காட்டுகிறார். மகளுக்கு முழுக் கதையும் சொன்னேன். பார்சல் மாதிரி அனுப்பினார்கள் என்ற இடத்தில் "நிஜமாவாப்பா?" என்று கேட்டாள். நிஜம்தான் என்றேன்.

லட்டுவும் வந்திருந்தான். பூங்காவுக்குத்தானே, வெஸ்ட் எதுக்கு? கயிறு போதும். மதியம் தங்கமணி உள்ளே போய்ச் சாப்பாடு வாங்கிவர, நாங்கள் மூணு பேரும் வெளியே பெஞ்சில் காத்திருந்தோம்.