இலையுறைக் கருகலைத் தாங்கும் மரபணு மாற்ற நெல்

நெற்பயிரைத் தாக்கும் பூஞ்சை ஒன்று சுரக்கும் ஆக்சாலிக் அமிலத்தைச் சிதைப்பதற்கான நொதியைத் தன் பச்சைத் திசுக்களில் மிகுதியாக உண்டாக்கும் ஆய்வு நெல். கொல்கத்தா பல்கலைக்கழகத்தில் கரபி தத்தா, சுவபன் தத்தா, குதுபுதீன் மொல்லா உள்ளிட்டோர் இதை உருவாக்கி, 2013-இல் 'மாலிகுலர் பிளான்ட் பேத்தாலஜி' இதழில் முடிவுகளை வெளியிட்டனர்.

நோயும் நச்சும்

இலையுறைக் கருகல் நோய்க்குக் காரணம் ரைசோக்டோனியா சொலானி என்னும் மண்வாழ் பூஞ்சை. இதன் கெட்டியான இழைமுடிச்சுகள் மண்ணில் தங்கியிருந்து, பாசன நீரில் மிதந்து பயிரை அடைகின்றன. நீர்மட்டத்தை ஒட்டிய இலையுறையில் முதலில் நீள்வட்டப் புள்ளிகள் தோன்றும். பின்னர் அவை இணைந்து மேல் இலைகளுக்கு ஏறும். நெருக்கி நட்ட வயலிலும் தழைச்சத்து மிகுந்த வயலிலும் நோய் கடுமையாகும்.

இப்பூஞ்சை திசுக்களைக் கொன்று, இறந்த திசுவிலிருந்து உணவெடுக்கும் வகையைச் சேர்ந்தது. அதற்கு உதவும் நச்சுகளுள் ஒன்று ஆக்சாலிக் அமிலம். இந்த அமிலம் திசுவின் அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. செல்சுவரின் பெக்டினை இறுக்கிப் பிடிக்கும் கால்சியத்தைப் பறிக்கிறது. தளர்ந்த சுவரைப் பூஞ்சையின் நொதிகள் எளிதில் கரைத்துவிடும்.

முந்தைய முயற்சிகள்

இந்நோயை முழுமையாக எதிர்க்கும் நெல் வகை அறியப்படாததால், வழக்கமான கலப்பினப் பெருக்கத்தால் பெரிய பலன் கிட்டவில்லை. சுவபன் தத்தா, சு. முத்துகிருஷ்ணன் ஆகியோர் இடம்பெற்ற குழு, பூஞ்சையின் செல்சுவரிலுள்ள கைட்டினை உடைக்கும் கைட்டினேஸ் மரபணுவை வங்காளத்தின் சின்சுரா போரோ 2 நெல்லில் செலுத்தி 1995-இல் வெற்றி கண்டது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் வேலுத்தம்பியின் குழு 2003-இல் இதே வழியில் பூசா பாசுமதி 1 நெல்லின் எதிர்ப்பை உயர்த்தியது.

நச்சையே குறிவைப்பது இன்னொரு வழி. புது டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஆசிஸ் தத்தாவின் குழு, ஆக்சாலிக் அமிலத்தைச் சிதைக்கும் ஆக்சலேட் டிகார்பாக்சிலேஸ் நொதியின் மரபணுவைக் காளான் ஒன்றிலிருந்து எடுத்துத் தக்காளியிலும் புகையிலையிலும் சேர்த்து, அவை இதே அமிலத்தைச் சுரக்கும் ஸ்கிளிரோட்டினியா பூஞ்சையைத் தாங்குவதை 2000-இல் காட்டியது. இதேபோல், அமெரிக்கச் செஸ்நட் மரத்தைப் பட்டைக் கருகலிலிருந்து காக்கக் கோதுமையின் ஆக்சலேட் ஆக்சிடேஸ் மரபணு பயன்படுத்தப்பட்டது.

கொல்கத்தா ஆய்வு

கொல்கத்தா குழு நெல்லின் சொந்த மரபணுவான ஆக்சலேட் ஆக்சிடேஸ் 4-ஐயே தேர்ந்தெடுத்தது. இது உண்டாக்கும் நொதி ஆக்சாலிக் அமிலத்தைக் கார்பன் டை ஆக்சைடாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் மாற்றுகிறது. பின்னது செல்சுவரை உறுதிப்படுத்துவதோடு, பயிரின் தற்காப்பைத் தூண்டும் சமிக்ஞையாகவும் அமைகிறது. இதனால் ஒரே வினையில் நச்சும் நீங்குகிறது, எதிர்ப்பும் எழுகிறது.

பூஞ்சை தாக்கும் இடம் இலையும் இலையுறையும் என்பதால், மரபணு பச்சைத் திசுக்களில் மட்டும் இயங்கும்படி கட்டுப்படுத்தப்பட்டது. நெல்லில் இந்நோய்க்கு எதிராக இப்படிச் செய்தது இதுவே முதல் முறை. மாற்றப்பட்ட இலைகள் வெளியிலிருந்து இட்ட ஆக்சாலிக் அமிலத்தையும் பூஞ்சையையும் கூடுதலாகத் தாங்கின. பயிரின் வளர்ச்சிக் குணங்களில் குறை தென்படவில்லை. 2016-இல் அக்குழு இதனுடன் கைட்டினேஸ் மரபணுவையும் இணைத்தது. அதன் வழியே பூஞ்சையின் ஆயுதமும் உடலும் ஒருசேரத் தாக்கப்பட்டன.

வரம்புகள்

ஆக்சாலிக் அமிலம் பூஞ்சையின் ஒரே ஆயுதம் அன்று. ஆகவே கிடைப்பது தாங்கும் திறனே, முழு விடுதலை அன்று. இந்தியாவில் 2002 முதல் வணிக அளவில் பயிரிடப்படும் மரபணு மாற்றப் பயிர் பருத்தி மட்டுமே. மரபணு மாற்ற நெல் எதற்கும் சாகுபடி அனுமதி இல்லை. தழைச்சத்தைப் பிரித்திடல், இடைவெளி விட்டு நடுதல், வரப்புக் களை அகற்றல், சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியா, பூஞ்சைக்கொல்லி ஆகியவையே இன்றும் உழவர் கையிலுள்ள வழிகள்.