முடுக்கத்தை வரைந்து காட்டியோர்

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், விழும் பொருள் கடக்கும் தொலைவுக்குரிய சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதினேன். "இதில் பாதி என்பது ஏன் ஐயா வருகிறது?" என்று ஒரு மாணவன் வினவினான். "சூத்திரம் அப்படித்தான், மனப்பாடம் செய்" என்று கூறி அவனை அமர்த்திவிட்டேன். உண்மையில் எனக்கே விடை தெளிவாக இல்லை. அன்று சொல்லத் தவறியதை இன்று உங்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

முடுக்கம் என்பது யாது? காலத்தோடு வேகம் மாறும் வீதம். இவ்வரையறை மாந்தர்க்கு எளிதில் கிட்டியதன்று. 1330களில், ஆக்ஸ்போர்டிலுள்ள மெர்ட்டன் கல்லூரியில் ஹெய்ட்ஸ்பரி முதலிய அறிஞர்கள் இதனை ஆராய்ந்தனர். ஓய்வு நிலையிலிருந்து புறப்பட்டு ஒரே சீராக வேகம் பெருகும் பொருள் எவ்வளவு தொலைவு செல்லும்? அதன் இறுதி வேகத்தில் பாதியளவு வேகத்துடன் மாறாது செல்லும் வேறொரு பொருள், அதே காலத்தில் கடக்கும் தொலைவே அது என்று கண்டனர்.

அவர்கள் சொல்லால் உரைத்ததைப் படத்தால் விளக்கியவர் பிரான்சு நாட்டு நிக்கோல் ஒரேம். 14ஆம் நூற்றாண்டின் நடுவில் அவர் காலத்தைக் கிடைக்கோட்டால் குறித்தார். அதன்மேல் ஒவ்வொரு கணத்து வேகத்துக்கும் ஒரு செங்குத்துக்கோட்டை நிறுத்தினார். சீராகப் பெருகும் வேகம் செங்கோண முக்கோணமாக உருப்பெற்றது. அதன் பரப்பே தொலைவு. அப்பரப்பு, அதே அடியும் பாதி உயரமும் கொண்ட செவ்வகத்துக்குச் சமம். என் மாணவன் கேட்ட பாதி இங்கேதான் இருக்கிறது!

நீங்களும் வரைந்து பாருங்கள். ஓய்விலிருந்து புறப்படும் பொருளின் வேகம் ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 2 மீட்டர் கூடுவதாகக் கொள்வோம். 4 வினாடி முடிவில் வேகம் 8 ஆகும். கோட்டின் சாய்வு, 8ஐ 4ஆல் வகுக்க, 2, அதுவே முடுக்கம். முக்கோணத்தின் பரப்பு 16. கடந்த தொலைவும் 16 மீட்டர். வினாடி வினாடியாகப் பிரித்தால் 1, 3, 5, 7 என ஒற்றைப்படை எண்கள் வரிசையாக நிற்கும்.

இக்கருத்தை விழும் பொருளோடு பொருத்தி, சோதனையால் நிலைநாட்டியவர் இத்தாலி நாட்டுக் கலிலியோ. ஆனால் அவரும் முதலில் பிழை செய்தார். 1604ஆம் ஆண்டு தம் நண்பர் சார்ப்பிக்கு எழுதிய கடிதத்தில், விழுந்த தொலைவுக்கு ஏற்ப வேகம் பெருகும் என்றார். அவ்வாறாயின், ஓய்விலுள்ள பொருள் நகரவே தொடங்காது! பின்னர் அவர் தொலைவை விடுத்துக் காலத்தைக் கைக்கொண்டார். சாய்ந்த மரச்சட்டத்தின் பள்ளத்தில் வெண்கலக் குண்டை உருளவிட்டு, கலத்திலிருந்து ஒழுகிய நீரை நிறுத்துக் காலத்தை அளந்தார். கால் பங்குத் தொலைவைக் கடக்கப் பாதி நேரமே ஆயிற்று. 1638இல் லெய்டன் நகரில் வெளியான அவரது நூலில் அதே முக்கோணம் இடம்பெற்றது. அப்போது அவர் வீட்டுக் காவலில், கண்ணொளி இழந்திருந்தார்.

கலிலியோ தம் பிழையைத் திருத்திக்கொண்டார். நானும் பின்னாளில் சூத்திரத்துக்கு முன் முக்கோணத்தை வரையக் கற்றுக்கொண்டேன். ஆயினும் அம்மாணவன் அதற்குள் பள்ளியை விட்டுச் சென்றுவிட்டான். இப்பேச்சு அவன் செவிக்கும் எட்டுமாயின் மகிழ்வேன்.