பெரியம்மாவும் ஏணிப்படியும்

எங்க பெரியம்மா டீச்சர். சேரன்மகாதேவிக்கு மேற்கே, கன்னடியன் கால்வாய்த் தண்ணி பாயுற ஒரு ஊர்ல ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. 1983ல் வேலைக்குச் சேர்ந்தாங்க. 2007ல் ஒரு சனிக்கிழமை, பயிற்சிக்குப் போயிட்டு வந்து பையைத் திண்ணையில போட்டவங்க சொன்ன முதல் வார்த்தை இன்னும் ஞாபகம் இருக்கு.

"ஏலே, இனிமே போர்டு பக்கத்துல நிக்கப்படாதாம். தரையில உக்காரணுமாம். இருவத்துநாலு வருசமா நான் என்னத்தப் பண்ணிட்டிருந்தேன்?"

அவங்க சொன்னது செயல்வழிக் கற்றலைப் பத்தி. ஏ.பி.எல்.னு சொன்னாத்தான் வாத்தியார்களுக்கே சட்டுனு புரியும். :-) அந்தக் கதையைக் கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்ப்போம்.

ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கம் ரிஷிவேலி. ஜே. கிருஷ்ணமூர்த்தி தொடங்கின பள்ளிக்கூடம் இருக்கே, அதே இடம்தான். சுத்துப்பட்டு கிராமங்கள்ல ஒரே வாத்தியார் எல்லா வகுப்பையும் சேர்த்துப் பார்க்கணும். அதுக்கு ஒரு வழியா, பத்மநாப ராவ் - ராமா தம்பதி 1980களின் கடைசியிலிருந்து பாடத்தையெல்லாம் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரிச்சாங்க. ஒரு பிள்ளை ஒரு படி முடிச்சதும் அடுத்த படி. பக்கத்துல இருக்கறவன் எங்கே இருக்கான்னு கவலையே இல்லை.

வேலூர்ல கலெக்டராக இருந்தப்பவே இதைச் செஞ்சு பார்த்தவர் எம்.பி. விஜயகுமார். சென்னை மாநகராட்சி ஆணையரானதும் 2003ல் 13 மாநகராட்சிப் பள்ளிகள்ல ஆரம்பிச்சார். பிறகு அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநராக வந்தார். 2007-08ல் தமிழ்நாடு முழுக்க, 37,000க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு இது போய்ச் சேர்ந்தது. நாலு வருஷத்துல! அரசாங்கத்துல இந்த வேகம் அபூர்வம்.

வகுப்பறையே மாறிப்போச்சு. ஒண்ணுலேருந்து நாலாம் வகுப்பு வரை கலந்து, ஆறு குழுவா, பாயில் வட்டமா உட்கார்ந்தாங்க. சுவர்ல ஏணிப்படி அட்டவணை. தட்டுல அட்டைகள். பிள்ளைகள் கைக்கு எட்டுற உயரத்துல கரும்பலகை. அவங்க வரைஞ்சதைத் தொங்கவிட மேலே கம்பிப் பந்தல். டீச்சர் ஏதாவது ஒரு குழுவோட தரையில இருப்பாங்க. பெரியம்மா தன் காசுல பத்தமடையிலிருந்து கோரைப்பாய் வாங்கிப் போட்டாங்க. ஆனா மனசு ஒட்டலை. "சாமான் எடுத்துக் கொடுக்குத ஆளா ஆக்கிட்டாவோ"ன்னு புலம்பல்.

இப்போ இன்னும் இருநூறு வருஷம் பின்னாடி போகணும்.

1789ல் சென்னை எழும்பூரில் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்துக்குப் பொறுப்பேற்றவர் ஆண்ட்ரூ பெல், ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒரு நாள் வழியில் நம்மூர்ப் பள்ளிக்கூடம் ஒண்ணைப் பார்த்தார். பிள்ளைகள் தரையில உட்கார்ந்து மணல்ல விரலால எழுதிட்டிருந்தாங்க. நம்ம திண்ணைப் பள்ளிக்கூடம்தான். அங்கே ஒவ்வொரு பிள்ளையும் அவனவன் வேகத்துல சுவடி முடிப்பான். மூத்தவன் இளையவனுக்குச் சொல்லித்தருவான், சட்டாம்பிள்ளை கவனிச்சுக்குவான். பெல் அசந்துபோய், தன் இல்லத்துல மணல் பரப்பச் சொன்னார். அங்கே இருந்த உதவி ஆசிரியர்கள் முடியவே முடியாதுன்னுட்டாங்க. உடனே பெல், ஜான் ஃபிரிஸ்கென்ங்கற எட்டு வயசுப் பையனைக் கூப்பிட்டு மத்தவங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வச்சார். அது பலிச்சது. 1797ல் லண்டன்ல அதைப் பத்தி எழுதி வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை'ங்கற பேர்ல இங்கிலாந்து முழுக்கப் பரவிச்சு.

இதைப் படிச்சப்போ, அந்த முடியாதுன்ன வாத்தியார்கள்தான் என் மனசுல நின்னாங்க. அவங்க ஏன் முடியாதுன்னாங்க, அவங்களுக்கு என்ன தெரிஞ்சிருந்ததுன்னு யாரும் கேட்ட மாதிரி தெரியலை.

திண்ணையைப் பொற்காலம்னு நான் சொல்ல வரலை. கோதண்டத்துல தொங்கவிட்டதும் அங்கேதான். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை, பெண் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் இல்லை. 1820ல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸும் அவருக்குப் பின்னால வந்த மிஷன்காரங்களும் திருநெல்வேலிச் சீமையில பள்ளிகளைத் திறந்தபோதுதான் அந்தக் கதவு கொஞ்சம் திறந்தது. 1860களில் பரீட்சை முடிவைப் பார்த்து மானியம் தர்ற முறை சென்னை மாகாணத்துக்கு வந்தது. இன்ஸ்பெக்டர் வர்ற தேதிக்குள்ள வகுப்பு முழுக்க ஒரே பாடத்துல நிக்கணும். அவனவன் வேகம்ங்கறது அங்கேதான் தொலைஞ்சது. ஏ.பி.எல். தேடினது அதைத்தான்.

திரும்ப பெரியம்மாகிட்ட வருவோம். ரெண்டாம் வகுப்பு ஒரு பையன் ஏணியில விறுவிறுன்னு ஏறிட்டான். பதிவேட்டுல எல்லாம் டிக். ஆனா அட்டையை எடுத்த உடனே, எழுத்தைப் பார்க்கும் முன்னாலேயே அவன் விடை சொல்றதைப் பெரியம்மா கவனிச்சிருக்காங்க. படத்தை விரலால மறைச்சாங்க. பையன் முழிச்சான். மூணு மாசமா அவன் படத்தைத்தான் படிச்சிருக்கான், ஒரு எழுத்தும் தெரியாது.

மறுநாள் ஒரு தாம்பாளத்துல ஆத்து மணல் கொண்டுபோனாங்க. அவன் பக்கத்துல உட்கார்ந்து, விரலைப் பிடிச்சு எழுத வச்சாங்க. பார்வையிட வந்த ஒருத்தர், அட்டையில இல்லாததைச் செய்யக் கூடாதுன்னாராம். பெரியம்மா பதில் பேசலை. மணலையும் எடுக்கலை. பையன் படிகள்ல கீழே இறங்கி, ரெண்டு மாசம் கழிச்சு நிஜமாவே ஏறினான்.

"தரையில உக்காந்தேன் பாரு, அதனாலதாம்ல கண்ணுல பட்டுது. போர்டு பக்கம் நின்னிருந்தா அவன் கடைசி வரிசைதான். ஆனா என்னத்தப் பாக்கணும்னு தெரியுததுக்கு இருவத்துநாலு வருசம் ஆயிருக்கு."

என்னைக் கேட்டா, செயல்வழிக் கற்றலின் வரலாறு மொத்தமும் இந்த மூணு வரியில இருக்கு. அட்டை 37,000 பள்ளிக்கும் போச்சு, பார்க்கிற கண்ணை அப்படி அனுப்ப முடியலை. அந்த வருஷங்கள்ல வந்த அசர் ஆய்வுகள்ல நம்ம கிராமத்துப் பிள்ளைகளின் வாசிப்பு தேசிய சராசரிக்குக் கீழேதான் இருந்தது. 2012ல் முப்பருவ முறை வந்தது. 2018லிருந்து புதுப் பாடநூல்கள். கொரோனாவுக்குப் பிறகு, 2022ல் 'எண்ணும் எழுத்தும்'. அதுல அரும்பு, மொட்டு, மலர்னு நிலைகள்.

ஓய்வுபெற்ற பெரியம்மாகிட்ட இதைச் சொன்னேன். கோரைப்பாய்ல உட்கார்ந்து வெத்திலை மடிச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டாங்க.

"பேரு நல்லாத்தான் இருக்கு. அந்த டீச்சர்மாரக் கூப்பிட்டு, உங்களுக்கு என்னம்மா தெரியும்னு யாராவது கேட்டாவளால?"

எனக்குப் பதில் தெரியலை.