"எனக்கென்ன பைத்தியமா?" - ஒரு பயத்தின் வரலாறு

"ஒருக்கா உளவளத்துணைக்குப் போய்ப் பாரன்" எண்டு யாரிட்டயாவது சொன்னா, எங்கட பக்கத்தில வாற பதில்கள் அநேகமா நாலுதான். "எனக்கென்ன பைத்தியமா?" "போனா அங்கொடைதான்." "சொல்லுறதெல்லாம் வெளியில போயிடும்." "கதைச்சா மட்டும் என்ன மாறப்போகுது?" அன்புவழிபுரத்திலும் இதுதான், உப்புவெளியிலும் இதுதான்.

இதை அறியாமை எண்டு சொல்லி ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் வைச்சு முடிக்கிறது வழக்கம். ஆனால் இந்தப் பயங்களுக்கு ஆண்டுகள் இருக்கு. சிலதுக்குச் சட்டமே இருக்கு. எங்கட சனம் காரணமில்லாமல் பயப்படவில்லை. அந்தக் காரணங்களில் எது இப்பவும் இருக்கு, எது முடிஞ்சுபோச்சு எண்டு பிரிச்சுப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

வழக்காகத் தொடங்கின வைத்தியம்

இலங்கையில் மனநோய்க்கான சட்டம் 1873இல் பிரித்தானியர் கொண்டுவந்தது. அதன்படி ஒருவருக்குப் புத்தி பேதலிச்சதா இல்லையா எண்டு விசாரிக்கிற இடம் மாவட்ட நீதிமன்றம். வருத்தக்காரன் ஆஸ்பத்திரிக்குப் போகிறதுக்கு முதல் கோட்டுக்குப் போகவேணும். இடையில பொலிஸ். அதாவது தொடக்கத்திலேயே அது ஒரு நோயாக இல்லை, ஒரு வழக்காக இருந்தது.

முதலில் பொறளையிலும் பிறகு கறுவாத்தோட்டத்திலும் இருந்த காப்பகம், 1926இல் அங்கொடைக்கு மாறியது. திருகோணமலையில இருந்து அது 250 கிலோமீற்றருக்கும் அதிக தூரம். ஒருவரை அங்கே விட்டிட்டு வாற குடும்பம், எத்தனை தரம் திரும்பிப் போய்ப் பார்த்திருக்கும்? லண்டன் மோட்ஸ்லி ஆஸ்பத்திரியின் எட்வர்ட் மாப்பொதர் 1930களின் கடைசியில் வந்து பார்த்து அறிக்கை எழுதினார். கட்டினபோது நினைச்ச தொகையைவிட மிக அதிகமான நோயாளிகள் உள்ளே அடைபட்டு இருந்தார்கள். வந்து காட்டிட்டு வீட்டுக்குப் போகக்கூடிய கிளினிக்குகள் வேணும் எண்டு அவர் சொன்னார். 1939இல் கொழும்புப் பொது வைத்தியசாலையில் அப்படி ஒரு கிளினிக் தொடங்கியது. 1956 திருத்தத்துக்குப் பிறகு, ஒருவர் தன் விருப்பத்தோடயே வந்து சேரவும் சட்டம் இடம் கொடுத்தது.

ஆனால் ஊர் ஞாபகம் சட்டத் திருத்தத்தோட சேர்ந்து மாறாது. "அங்கொடை" எண்டது ஊர்ப்பேராக இல்லாமல் ஒரு ஏச்சாகவே நிலைச்சிட்டுது. இண்டைக்கும் பள்ளிக்கூடப் பொடியன்கள் ஒருத்தனை ஒருத்தன் நக்கலடிக்க அந்தச் சொல்லைத்தான் எடுக்கிறாங்கள். "எனக்கென்ன பைத்தியமா?" எண்ட கேள்விக்குப் பின்னால நிக்கிறது அந்த மதில்தான்.

வாய் திறந்தால் ஆதாரம்

"வெளியில போயிடும்" எண்ட பயம் வேற இடத்தில இருந்து வருது. உயிரை மாய்க்க முயல்வது இந்த நாட்டில் 1998 வரைக்கும் குற்றம். ஒரு வருசம் வரை சிறை. 1990களின் நடுப்பகுதியில் இலங்கையின் தற்கொலை வீதம் உலகத்திலேயே மிக உயர்ந்தவற்றில் ஒண்டு. அந்தக் காலத்தில், "எனக்கு வாழப் பிடிக்கேல்ல" எண்டு ஒருவர் உண்மையைச் சொன்னால் பொலிஸ் வரும் எண்ட நிலை. வீட்டுக்காரர் அதை "தவறுதலா நடந்தது" எண்டு மூடி மறைச்சதில என்ன அதிசயம்?

அதோட யுத்தம். 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுக்கிற வாக்குமூலம் நீதிமன்றத்தில் ஆதாரமாகும். கதவு மூடின ஒரு அறை, எதிரில முன்பின் தெரியாத ஒருவர், கையில பேனை, "உங்கட கதையைச் சொல்லுங்க" எண்ட கேள்வி. எங்கட அப்பா அம்மா தலைமுறைக்கு அந்தக் காட்சி எதை ஞாபகப்படுத்தும் எண்டு யோசிச்சுப் பாருங்க. வாயை மூடினது அவர்களுக்கு நோய் இல்லை, அவர்களை உயிரோட வைச்சிருந்த பழக்கம்.

சனம் கதைக்காமலா இருந்தது?

"தமிழாக்கள் மனசு விட்டுக் கதைக்கமாட்டாங்க" எண்டு சொல்லுறது சரியில்லை. இடம்தான் வேற. மட்டக்களப்பில் 1990களில் ஆய்வு செய்த மானிடவியலாளர் பற்றீசியா லோரன்ஸ், அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்லுற பெண்களைப் பற்றி எழுதியிருக்கிறார். காணாமல் போன பிள்ளையைப் பற்றி வேற எங்கயும் வாய்திறக்க ஏலாத தாய்மார், அங்கே அழுது கேட்டிருக்கிறார்கள். அது மருந்து இல்லை. ஆனால் துக்கத்தைச் சொல்லவும், ஒருவர் அதைக் கேட்கவும் இருந்த இடம்.

இதை விளங்கிக்கொண்ட வைத்தியர்களும் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், யுத்தம் சனத்தின் மனசில விட்ட காயங்களைத் தமிழில் "மனவடு" எண்ட நூலாக எழுதினார். மந்திரம் ஜெபிக்கிறது, மூச்சுப் பயிற்சி மாதிரி எங்கட பழக்கங்களையும் அவர் சிகிச்சையோட சேர்த்துக்கொண்டார். உளவளத்துணைக்கான சாந்திகம் 1987இல் அங்கே தொடங்கியது. மட்டக்களப்பில் இயேசுசபைத் துறவி போல் சற்குணநாயகமும் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் 1996இல் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். யுத்தத்தைப் பார்த்த பிள்ளைகள் அங்கே களிமண்ணோட, வர்ணத்தோட, கதையோட விளையாடினார்கள். இதெல்லாம் நடந்தது சண்டைக்கு நடுவில, தமிழில.

அலைக்குப் பிறகு வந்த அலை

2004 டிசம்பர் 26க்குப் பிறகு எங்கட கரைக்கு உலகம் முழுக்க இருந்து ஆலோசகர்கள் வந்தார்கள். நல்ல மனசோட வந்தவர்கள் பலர். ஆனால் மொழி தெரியாமல், கொஞ்ச நாள் நிண்டு, நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைச்சிட்டுப் போனவர்களும் இருந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களின்ர அனுபவத்தை வெறும் நோய்ப் பெயராகச் சுருக்கவேண்டாம் எண்டு கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்பவே கேட்டுக்கொண்டார்கள். 2007இல் வெளியான சர்வதேச வழிகாட்டல்களும், ஒரே ஒரு தரம் இருத்தி எல்லாத்தையும் கொட்டச் சொல்லுற முறை வேண்டாம், முதலில் பாதுகாப்பு, சாப்பாடு, குடும்பத்தோட சேருறது எண்டு சொல்லுது. ஆகவே "கதைச்சா என்ன மாறும்?" எண்ட கேள்வியும் அனுபவத்தில இருந்து வந்ததுதான்.

அதே சுனாமிதான் இன்னொரு மாற்றத்தையும் வேகப்படுத்தியது. 2005இன் மனநலக் கொள்கை, சேவையை அங்கொடையில இருந்து மாவட்டங்களுக்குக் கொண்டுவர நினைச்சது. இப்ப திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையிலேயே மனநலப் பிரிவு இருக்கு, காசு இல்லை. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். அங்கொடை ஆஸ்பத்திரி இப்ப தேசிய மனநல நிறுவனம். அவர்களின் உதவி இலக்கம் 1926, அது திறந்த அதே ஆண்டு.

அப்ப எது மிச்சம்?

1873 சட்டம் முழுசா மாற்றப்படவில்லை, அந்தக் குறை உண்மை. ஆனால் கிளினிக்குக்குப் போறவருக்குக் கோட்டும் இல்லை, பொலிஸும் இல்லை. உளவளத்துணை எண்டது வாக்குமூலமும் இல்லை. எதைச் சொல்லுறது, எப்ப நிப்பாட்டுறது எண்டு முடிவெடுக்கிறது நீங்கதான். எல்லாருக்கும் மருந்தும் தேவையில்லை. மருந்து தந்தாலும் எத்தனை நாளைக்கு, ஏன் எண்டு கேட்கலாம்.

பயத்தோட போறதிலயும் பிழையில்லை. முதல் நாளே நேராகக் கேளுங்க: "நான் சொல்லுறதை ஆரிட்ட சொல்லுவீங்க? எந்த நேரத்தில சொல்லவேண்டி வரும்? எங்க எழுதி வைப்பீங்க?" உயிருக்கு ஆபத்து எண்டால் மற்றவருக்குச் சொல்லவேண்டி வரும் எண்டதையும் நல்ல துணையாளர் முதலே சொல்லுவார். பதில் திருப்தி இல்லையெண்டால் எழும்பி வரலாம், இன்னொருவரிட்டப் போகலாம். எங்கட அம்மம்மாவின் காலத்தில அந்தக் கதவு வெளியில இருந்துதான் பூட்டுப்பட்டது.